ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர்

ஒட்டுப்பலகையில் இரண்டு பெரிய வளையங்கள். நோயாளி அவற்றுக்குள் படுத்திருப்பார். நடுவே உள்ள இடைவெளியில் நின்று, எம்ஆர்ஐ படத்தைப் பார்த்தபடியே டாக்டர் மூளைக்கட்டியை எடுப்பார். இது தச்சர் செய்த மாதிரிதான். இதன்படி செய்யப்போகும் நிஜக் காந்தத்தை வடிவமைப்பது அவள் வேலை.

இடைவெளி கூடினால் டாக்டருக்கு வசதி; ஆனால் காந்தப்புலம் குறைந்து படம் மங்கிவிடும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்ற கதைதான். ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர் என்று அவள் முடிவு செய்திருந்தாள். அது அவள் கணவரின் தோளில் எடுத்த அளவு. பஸ் டிரைவர், அகலமான ஆள். போன குளிர்காலத்தில், அவள் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்தவரைத் தச்சர் இழுத்து உள்ளே நிறுத்தினார்.

"இவ்வளவு பெரிய தோளு எந்த டாக்டருக்குண்ணே இருக்கு?"

"நான் நுழைஞ்சா ஊரே நுழையும். கோடு போடுங்க."

அடிப்பலகையில் இரண்டு பென்சில் கோடுகள் விழுந்தன.

கணவர் இறந்து ஐந்து வாரம். எட்டாம் நாளே அவள் வேலைக்கு வந்துவிட்டாள். சாப்பிட்டாள், கணக்குப் போட்டாள். எதுவும் உறைக்கவில்லை.

இன்று, இதில் நின்று அறுவை செய்யப்போகும் டாக்டரம்மா வந்திருந்தார். மறுநாள் கம்பிச்சுருள் சுற்றத் தொடங்குவார்கள். அதற்குப் பிறகு ஒரு மயிரிழைகூட மாற்ற முடியாது.

"மேடம், கணக்குப்படி வர்ற படத்துல கட்டியோட ஓரமே தெரியல. வெட்டறதை எங்க நிறுத்தணும்னு நான் ஜோசியமா பாக்கறது?"

"நாலு சென்டிமீட்டர் கொறைச்சாத் தெரியும்."

"கொறைங்களேன். நானே ஒல்லிக்குச்சி."

"வேற டாக்டருங்களும் நிக்கணுமே. தோள் இடிக்கும்."

சொல்லிவிட்டுக் கோடுகளைப் பார்த்தாள். வளையத்தில் நீட்டியிருந்த மரச்சிலாம்பு ஒன்றில் பழுப்புக் கம்பளி இழை சிக்கியிருந்தது. டிரைவர்களுக்குக் கொடுக்கும் தடித்த கோட்டு. அன்று அவர் அதைக் கழற்றவே இல்லை.

தச்சரும் பார்த்துவிட்டார். "கழட்டச் சொல்லியிருக்கணும். என் தப்பும்மா."

"டேப்பைப் படிச்சது நான்தான்."

வாயைத் திறக்காமல் இருந்தால் அந்த எண் அப்படியே காந்தத்துக்குள் போய்விடும். அவரை அளந்த எண். டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அம்பத்தி நாலு," என்றாள் அவள். "அந்த அளவு கம்பளிக் கோட்டோட எடுத்தது."

தச்சர் வளையங்களை உள்ளே தள்ளினார். டாக்டரம்மா நடுவில் நின்று முழங்கைகளை ஆட்டிப் பார்த்தார். "தாராளம்!" பிறகு தச்சரே நின்று பார்த்தார். அவருக்கும் இடிக்கவில்லை.

"பழைய கோட்டை அழிச்சிடவாம்மா?"

"அழிச்சிடுங்க. நாளைக்கு யாராவது கொழம்பிடுவாங்க."

சாயங்காலம் வீட்டில் அவருடைய கம்பளிக் கோட்டை எடுத்துத் தோள் பக்கத்துத் தடிமனை அளந்தாள். இரண்டு பக்கமும் சேர்த்து மூன்றரை. மீதி அரை எப்படி வந்தது என்று யோசித்தாள். தச்சர் கோடு போட்டபோது அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனாள். இரண்டு பேருக்கு அரிசி போட்டிருந்தாள்.