ஒன்பது மணிக்கு முந்தைய ஞாயிறு

சபை ஊழியத்தில் இருப்பவனுக்குப் பிரசங்கத்தில் வியர்ப்பதைவிட, "இது ஏனுங்க இப்படி?" என்ற கேள்வியில்தான் அதிகம் வியர்க்கும். "அது அப்படித்தான்" என்று சொல்லியே காலம் தள்ளும் அன்பர்களே, நீங்கள் எந்த வேலையில் இருந்தாலும் என் கட்சிதான். அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சபைக்கு நான் பாஸ்டர். எங்கள் பக்கம் ஐயர் என்பார்கள்.

பூட்டின கதவு

எஸ்தர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறார். ஷிப்மென்ட் அவசரம் என்று ஞாயிற்றுக்கிழமையும் வேலை வைத்துவிட்டார்கள். போகாவிட்டால் வேலை போய்விடும். எங்கள் ஆராதனை ஒன்பது மணிக்கு. கம்பெனி வேன் ஏழு மணிக்கே வந்துவிடும். பல மாதங்களாக அவர் அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்து எடுக்கவில்லை.

ஒரு சாயங்காலம் எங்கள் சபையின் பூட்டிய கோயில் வாசலில் அவர் நிற்பதைப் பார்த்தேன். ஏனம்மா என்று கேட்டேன். "உள்ள இருக்கறவருக்கு வெளிய நின்னாலும் கேக்குமுங்க ஐயரே. ஒரு ஸ்தோத்திரம் சொல்லிட்டுப் போயர்றனுங்க."

செயலாளர்

அன்று ராத்திரி ஒரு யோசனை வந்தது. விடியற்காலையில் இன்னொரு ஆராதனை வைத்தால் என்ன? கமிட்டிச் செயலாளர் சாமுவேலிடம் கேட்டேன். நல்ல மனிதர்தான், ஆனால் பழக்கத்தை மாற்றச் சொன்னால் முகம் கடுகடுத்துவிடும். "ஆதி சபையில இருந்து ஒம்பது மணிதானுங்க. மாத்தறதுக்கு நாம யாருங்க?"

பழைய சாம்பிள்

வீம்புக்கு, முதல் கிறிஸ்தவர்கள் கூடிய ஆதி சபையிலிருந்து வரலாற்றைப் புரட்ட ஆரம்பித்தேன். தேடியது ஒன்று, கிடைத்தது வேறு. நான் போடும் நீள அங்கி ஒரு காலத்தில் ரோமாபுரியில் எல்லாரும் உடுத்தியதுதானாம். ஊர் குட்டை உடைக்கு மாறியபோது குருமார்கள் மட்டும் மாறவில்லை. இதைப் பக்கத்து வீட்டு முருகேசனிடம் சொன்னேன். அவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், கார்த்திகை விரதம் தவறாத முருக பக்தர். கொடியில் காய்ந்த என் அங்கியை ஒருமுறை அளவெடுக்கிற மாதிரி பார்த்தார். "அப்போ ஆர்டர் குடுக்கற பையர் மாறியும் நீங்க பழைய சாம்பிளையே ஓட்டிட்டு இருக்கறீங்க, இல்லீங்களா?"

பெஞ்சு

பல நூற்றாண்டுகள் சபையார் நின்றுகொண்டுதான் ஆராதித்தார்கள் என்றும், பிரசங்கம் நீள நீளத்தான் பெஞ்சு பெருகியது என்றும் படித்தேன். அந்தப் பெருமையில், நாமும் ஒரு ஞாயிறு நின்று பார்க்கலாமே என்று கமிட்டி உறுப்பினர் தானியேலிடம் அளந்துவிட்டேன். அவருக்குத் துணி தேய்க்கும் அயர்ன் மாஸ்டர் வேலை, நாள் முழுக்க நின்ற கால்கள். பதறிப்போனார். "பிரசங்கம் எவ்வளவு வேணாலும் நீளட்டுமுங்க, பெஞ்சுல மட்டும் கை வெச்சராதீங்க!"

ஒன்பது மணி

கடைசியில் வேண்டியது கிடைத்தது. கமிட்டி கூடியதும் சொன்னேன்: ஆதி சபைக்கு ஞாயிறு விடுமுறையே கிடையாது. அடிமைகளும் கூலிக்காரர்களும் விடியுமுன் கூடி, ஜெபித்துவிட்டு, வேலைக்கு ஓடினார்கள். ரோமச் சக்கரவர்த்தி ஞாயிறை ஓய்வுநாளாக்கியது சில நூறு வருஷம் கழித்துத்தான்.

சாமுவேல் விடவில்லை. ஒன்பது மணி எவ்வளவு பழையது என்று காட்ட, தன் அம்மாவின் அப்பா, அப்புச்சி, சொன்னதை எடுத்துவிட்டார். வெள்ளைக்கார ஐயர் அவிநாசியில் ஆராதனை முடித்து மாட்டுவண்டியில் இங்கே வந்து சேர ஒன்பது ஆகிவிடுமாம். சொல்லி முடித்ததும் அவரே ஒருமாதிரி ஆகிவிட்டார். தானியேல் ஜன்னல் வழியே என் வண்டியைப் பார்த்தார். "நம்ம ஐயரு பைக்லதானுங்க வர்றாரு?"

ஐந்தரை மணி

கமிட்டி ஒத்துக்கொண்டது; அடுத்த ஞாயிறு விடியற்காலை ஐந்தரைக்குப் போனேன். எனக்கு முன்னால் சாமுவேல் கதவைத் திறந்து வைத்திருந்தார். பத்துப் பதினைந்து பேர், எல்லார் கழுத்திலும் கம்பெனி அடையாள அட்டை. என் பிரசங்கம் நீண்டுவிட்டது, பழக்க தோஷம். எஸ்தர் திருவிருந்துக்கு முழங்கால் போட்டார். இரண்டு கையையும் ஏந்தி அப்பத்தை வாங்கினார். நான் ரசக் கிண்ணத்தை எடுத்தேன்.

அந்நேரம் பார்த்து வெளியே வேன் ஹாரன் அடித்தது. எஸ்தர் திடுக்கிட்டு எழப் பார்த்தார். கடைசி பெஞ்சிலிருந்து சாமுவேல் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார். டிரைவரிடம் அவர் கெஞ்சியது உள்ளே எல்லாருக்கும் கேட்டது. "அஞ்சு நிமிசம் பொறு கண்ணு, ஆதி சபை நடக்குது!"

சக்கரவர்த்தி கொடுத்த ஞாயிறு லீவை ஷிப்மென்ட் பிடுங்கிக்கொண்டாலும், அதற்கு முந்தைய விடியற்காலை எங்களுக்கு மிச்சம் இருந்தது.