சாரத்தைப் பற்றி அவர் அனுப்பிய மின்னஞ்சல்

ஓமானின் சோஹாரில் ஒரு கட்டுமான சைட்டில் என்னோடு வேலை பார்த்த பாதுகாப்பு அலுவலர் யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்தவர். ஹெல்மெட் அழுத்திய கோடு நெற்றியில் எப்போதும் இருக்கும். எங்கே குறை கண்டாலும் வாயால் சொல்வதோடு நிற்க மாட்டார். மேனேஜருக்கு மின்னஞ்சல் எழுதி, அனுப்புமுன் எனக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுவார்.

ஒரு வியாழக்கிழமை கட்டடத்தை ஒட்டிக் கட்டியிருந்த சாரம் சரிந்து ஒரு தொழிலாளியின் கால் முறிந்தது. தன் அஞ்சல்பெட்டியைக் காட்டி, தனக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை என்றார் மேனேஜர். பாதுகாப்பு அலுவலர் இரண்டு வாரம் முன்பே எழுதியிருந்தார். ஆனால் அஞ்சல்பெட்டி நிறைந்துவிட்டதென்று, பழையவற்றையெல்லாம் தன் கணினியில் ஒரே கோப்பாக மாற்றி வைத்திருந்தார். அந்தக் கோப்பு இப்போது திறக்கவில்லை.

“ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு சார். ரிப்பேர் ஓட்டிப் பாத்துட்டேன், ஃபோல்டர் பேரு மட்டும்தான் வருது. கலாஸ், அவ்ளோதான்,” என்றார் கணினிப் பிரிவுக்காரர்.

பழி பாதுகாப்பு அலுவலர்மேல் விழுந்தால் விசா ரத்தாகிவிடும். விசாரணையில் நான் அவருக்காகப் பேசினேன். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள்.

மறுநாள் என் மேசைக்கு வந்தார்.

“அண்ணை, நீங்கள் நாள் தவறாமல் டயரி எழுதுற ஆள். அந்த மெயிலை உங்களுக்கு வாசிச்சுக் காட்டினனான் எண்டு எழுதி வச்சிருக்கிறியளோ?”

தேதி எனக்கு நினைவிருந்தது. பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். புழுதிக்காற்று, பகலில் நாற்பத்திரண்டு டிகிரி, இரவு சப்பாத்தி என்று மட்டும் எழுதியிருந்தேன்.

அடுத்த பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். பிறகு டயரியை மூடி, இரு கைகளாலும் என்னிடம் தந்தார்.

“ஓம் அண்ணை, அண்டைக்குச் சரியான காத்துதான்,” என்றார்.