பூஜ்ஜியம் வைக்கப்போன கதை

சென்சாருக்குக் கேலிபிரேஷன் போடும் தொழிலில், அளவு சரியாக வந்தால் பேர் கம்ப்யூட்டருக்கு, தப்பாக வந்தால் திட்டு நமக்கு. லேப்டாப்பும் ஒயருமாகப் பஸ் ஏறி அலையும் என் கூட்டாளிகளே, ஜேடர்பாளையம் பக்கம் ஒரு கோழிக்குஞ்சு ஹேச்சரியில் நான் பட்டதைக் கேளுங்கள்.

ஒரு வாளி ஐஸ்

பொரிப்பு மெஷினின் சூட்டை நிமிஷத்துக்கு நிமிஷம் பதிகிற சாப்ட்வேர். மெஷின் நிறைய அன்றுதான் முட்டை அடுக்கியிருந்தார்கள். புது சென்சாரை ஐஸ் தண்ணியில் முக்கி 'இது பூஜ்ஜியம்', கொதிதண்ணியில் முக்கி 'இது நூறு' என்று நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஐஸ் வேண்டும் என்றேன். ஹேச்சரி முதலாளி ரோட்டில் போன குல்ஃபி வண்டியை நிறுத்தி ஒரு வாளி அள்ளிவந்தார்.

கொதிதண்ணியில் சரியாக நூறு காட்டிய சென்சார், ஐஸில் மைனஸ் நாலு என்றது. புதுசு, உளறுகிறது என்று நினைத்து, அந்த மைனஸ் நாலையே பூஜ்ஜியமாகப் பதிந்துவிட்டேன். முதலாளிக்கு ஒரே பெருமை. "பாத்தீங்களா, குல்ஃபிக்காரன் ஐஸே நமக்குப் போதுமுங்க!"

கண் இமை

முப்பத்தேழரை இருக்க வேண்டிய மெஷின் கிட்டத்தட்ட நாற்பது காட்டியது. முட்டையை வேகவைக்கிறீர்களா என்று அதட்டி, சூட்டைக் குறைக்க வைத்தேன். நாலு நாள் கழித்துப் போனபோது, மெஷின் பார்க்கும் செல்லம்மாக்கா ஒரு முட்டையை எடுத்து, மூடின கண் இமையில் வைத்துப் பார்த்தார். குளுந்து கெடக்குதுங்க என்றார். நான் சிரித்தேன். கிராஃப் பொய் சொல்லாதுங்கக்கா என்றேன். அவர் முட்டையை இமையிலிருந்து எடுக்கவே இல்லை. "கிராப்பு என்னைக்காச்சும் அடை படுத்திருக்குதுங்களா சாமி?"

இருபத்துமூன்றாம் நாள்

இருபத்தொரு நாளில் பொரிய வேண்டியது. இருபத்துமூன்றாகியும் ஒரு குஞ்சுகூட ஓட்டைக் கொத்தவில்லை. ஓடினேன். பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ் ஐஸில் சென்சாரை முக்கினால் பூஜ்ஜியத்துக்குப் பதில் நாலு! அந்த நேரம் பார்த்து அதே குல்ஃபி வண்டி மணியடித்தது. எட்டிப் பார்த்தேன். குல்ஃபி உருகாமலிருக்க அந்த ஆள் ஐஸ் மேல் கைப்பிடி கைப்பிடியாக உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். உப்பு சேர்ந்தால் ஐஸ் பூஜ்ஜியத்துக்கும் கீழே போகும், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஐயோ, சென்சார் முதல் நாளே உண்மையைச் சொல்லியிருக்கிறது, பாவி நான்தான் அடித்துத் திருத்தியிருக்கிறேன். முப்பத்தேழரை என்று கிராஃப் காட்டிய நாளெல்லாம் முட்டை நிஜத்தில் முப்பத்தைந்தில்தான் கிடந்திருக்கிறது.

தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். முதலாளி மெஷின் சுவிட்சை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். செத்த முட்டைகளைக் குழியில் கொட்டிக்கொண்டிருந்த செல்லம்மாக்காதான் நிமிர்ந்து பார்த்தார். "இனிமேட்டு ஐஸ நக்கிப் பாத்துட்டு எழுதுங்க சாமி."

இப்போது என் பையில் எத்தனை கருவி இருந்தாலும், எந்த ஊரிலும் முதலில் வேலைக்கு இறங்குவது என் நாக்குதான்.