கோல்ஃப் மட்டைக்கு ஒரு துவரங்காம்பு

மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு எங்கள் ஊரான சண்டிலிப்பாய்க்குத் திரும்பியவர்கள் சுவர் மணிக்கூடு, பீங்கான் கோப்பை என்று கொண்டுவந்தார்கள். என் வீட்டுக்காரர் ஒரு கோல்ஃப் மட்டையும் நாலைந்து பந்தும் கொண்டுவந்தார். அவருடைய துரை சீமைக்குப் போகும்போது விட்டுப்போனது. அடியில் தட்டை இரும்பு, நடுவில் மரக்காம்பு, பிடியில் மாட்டுத்தோல். அதை வைத்து ஒரு முருங்கைக்காய்கூடப் பறிக்க முடியாது என்று பார்த்த அன்றே சொல்லிவிட்டேன்.

மறு வருடம் அவருக்கு வாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்டது. தினமும் நடந்தால் கால் தேறும், படுத்துக் கிடந்தால் மரத்தே போகும் என்றார் டாக்குத்தர். ஊன்றுகோல் வாங்கிக் கொடுத்தேன்; தொட்டும் பார்க்கவில்லை. பொல்லுப் பிடித்தால் சனம் கிழவன் என்று சொல்லுமாம். ஆனால் மட்டையை எடுத்துக்கொண்டு அறுவடை முடிந்த வயலில் இறங்கினார். பந்துக்கு ஒரு அடி. அது விழுந்த இடம்வரை மட்டையை ஊன்றி ஊன்றி நடை. பிறகு இன்னொரு அடி. பார்க்கிறவர்களுக்கு அது விளையாட்டு. பாரம் முழுவதும் எதில் நிற்கிறது என்று எனக்கல்லவா தெரியும். பந்து பக்கத்துப் புகையிலைத் தோட்டத்தில் விழுந்து, தோட்டக்காரர் சண்டைக்கு வந்தபோதுகூட நான் என் மனிதரை விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரு நாள் வரப்புக் கல்லில் அடித்துக் காம்பு முறிந்தது. மனிதர் சாய்மனைக் கதிரையில் விழுந்தவர், சாப்பாட்டுக்கு மட்டும் எழும்பினார். கால் மெல்ல மெல்ல விறைத்துக்கொண்டு வந்தது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

"வேறை காம்பு போட்டால் என்ன? அகப்பைக்குப் போடுறேல்லையே?" என்றேன்.

"உமக்கு எல்லாம் அகப்பைதான். உதுக்குப் பேர் ஷாஃப்ட். சீமையிலை இருந்து வரவேணும்."

"அது வந்து சேரேக்கை உங்கடை கால் இராது."

கோபத்தில் எழும்பிவிட்டார். அதுதானே எனக்கும் வேண்டும். இரும்பையும் காம்பையும் பிணைத்திருந்த ஆணியைத் தட்டிக் கழற்றி, இரும்பின் குழலுக்குள் இறுகிக் கிடந்த மரத்துண்டை அடுப்புத் தணலில் கருக்கி எடுத்தோம். காம்புக்கு என்ன மரம்? கூரை, வேலி, பாய், கருப்பட்டி எல்லாம் பனையால் நடக்கிற ஊர். எங்கள் இரண்டு பேருக்கும் வேறு மரமே ஞாபகம் வரவில்லை. கூரை வேலையில் மிஞ்சிய பனஞ்சலாகையைச் சீவிப் பூட்டினோம். பனை முறியாது, சரி. ஆனால் வளையவும் மாட்டாது. முதல் அடியிலேயே அவருடைய கை விறைத்து, சலாகை நார் நாராகப் பிளந்து, ஒரு சிராய் உள்ளங்கையில் ஏறிவிட்டது. ஊசியால் அதை எடுக்கும்போது வாய்க்கு வந்தபடி பேசினேன்.

பிறகுதான் வன்னியிலிருந்து விறகு கொண்டுவரும் வண்டிக்காரனின் கையைக் கவனித்தேன். மாட்டைச் சாய்த்து ஓட்ட அவன் வைத்திருந்த காட்டுத் துவரந்தடி வில்லாக வளைந்து நிமிர்ந்தது. நல்லதாக ஒன்று வேண்டும் என்றேன்.

"மாடு வாங்கிப் போட்டியளோ அக்கா?"

"இல்லைத் தம்பி. வீட்டிலை ஒண்டு எழும்ப மாட்டாதாம்."

கதிரையில் இருந்தவருக்குக் கேட்டது. சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு.

வண்டிக்காரன் கொண்டுவந்து தந்த தடியை அவரே கண்ணாடித் துண்டால் சுரண்டி, எண்ணெய் பூசி, நுனியைக் குழலுக்கு அளவாக மெலித்தார். நான் குங்கிலியத்தை மெழுகோடு உருக்கிக் குழலுக்குள் பசையாக ஊற்றினேன். ஆணியும் அடித்தாயிற்று. கடைசியில் பழைய பிடித்தோலை உரித்துக்கொண்டு நான் சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் வந்து நின்றார்.

"மாட்டுத்தோலோடை என்ரை குசினிக்குள்ளை வரவேண்டாம்."

"தோல் இல்லாட்டிக் கை வழுக்கும்."

"வழுக்காமல் நான் சுத்தித் தாறன்."

பருத்தி நூலில் மெழுகு பூசி நெருக்கமாகச் சுற்றிக் கொடுத்தேன். இரண்டு நாள் முணுமுணுத்தார். மூன்றாம் நாள் வயலில் பந்து பறந்தது.

அந்த வருடம் பிள்ளையார் கோயில் தேருக்கு வழக்கம்போல நான் தனியாகத்தான் போனேன். வாதம் வந்த பிறகு அவர் கோயிலுக்கு வந்ததில்லை. பிடிமானம் இல்லாமல் அந்த மணலில் நிற்க முடியாது. ஊன்றுகோலுக்கு வெட்கம், தோல் சுற்றிய மட்டையோ கோயில் வாசல் தாண்டக்கூடாது. பெண்களோடு நின்று திரும்பிப் பார்க்கிறேன், சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு மட்டையோடு வருகிறார். வாசலில் நின்று நூல் சுற்றிய பிடியை ஒருமுறை தடவினார். பிறகு மட்டையைத் தலைகீழாகத் திருப்பி, இரும்பைக் கைக்குள் பிடித்து, பிடியை மணலில் ஊன்றி வாசலைத் தாண்டினார்.

புகையிலைத் தோட்டக்காரர் விடுவாரா?

"என்ன, பொல்லுப் பிடிச்சாச்சோ?"

இந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதானே இவ்வளவு நாளும் இந்த மனிதர் விளையாட்டுக் காட்டினார்.

"ஓம் காணும், பொல்லுத்தான்," என்றார். "என்ரை மனுசி செய்து தந்தது."

தேர் அசைந்தது. சனம் முழுவதும் பிள்ளையாரைப் பார்த்துக் கும்பிட்டது. நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.