பொன்னி துண்டு போட்டு மூடிய சிலுவை

புதுச் சாமை வைக்கோல்... மூக்கில் ஏறினால் லேசாகத் தும்மல் வரும். இன்று காலை எங்கிருந்தோ அந்த வாசம் வந்தது. மனசு நேராக வெள்ளிமலைக்குப் போய்விட்டது.

எனக்கு முதல் வேலை அந்த மலையூரில்தான். சின்ன கிளினிக்கில் நர்ஸ். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்கவில்லை. பூசைக்குக் கள்ளக்குறிச்சி இறங்கவும் வழியில்லை... அழுகையாக வந்தது. சரி, ரூமிலேயே ஒரு குடில் வைத்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

வைக்கோல் கொண்டுவந்தது பொன்னி. கிளினிக்கைப் பெருக்கித் துடைக்கிறவள். அப்போது எட்டு மாசம். முதல் பிள்ளை பிறந்த பத்தே நாளில் போய்விட்டது. அதனால் வயிற்றில் இருப்பதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவாள். பேர் யோசித்தாயா என்று ஒருநாள் கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

குடிலில் பாலன் இயேசுவை வைத்ததும் பேஷன்ட் வந்தார், போனேன். திரும்பி வந்தால்... குடிலுக்கு மேலே சுவரில் பாடுபட்ட சுரூபம், அதுதான், ஆணியடித்த இயேசு தொங்கும் சிலுவை. அதன்மேல் ஒரு துண்டு!

சுருக்கென்று கோபம் வந்தது. ஏன் இப்படிச் செய்தாய் என்று பொன்னியிடம் கேட்டேன்.

"பச்சக் கொழந்த இருக்கிற வூட்டுல செத்தவங்கள யாருனா மாட்டி வெப்பாங்களா சிஸ்டர்? பெத்தவ அதையேதான பாத்துக்கினு கெடப்பா."

அவள் வீட்டில் அப்படித்தானாம். பிள்ளை பிறந்தால் இறந்தவர் படத்தைத் திருப்பி வைத்துவிடுவார்கள்.

இரண்டும் ஒரே ஆள், இந்தக் குழந்தைதான் வளர்ந்து அங்கே தொங்குகிறார் என்று சொன்னேன். மேலேயும் கீழேயும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பெத்தவளுக்குத் தெரியுமா?"

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய் வளர்ந்தவள் நான். இப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. யோசித்துச் சொன்னேன். கைக்குழந்தையாகக் கோயிலுக்குத் தூக்கிப்போனபோதே ஒரு பெரியவர் மாதாவிடம், உன் நெஞ்சிலும் வாள் பாயும் என்று சொல்லிவிட்டாராம்.

"தெரிஞ்சிக்கினேதான் பால் குடுத்தாளா?"

பிறகு அவளே துண்டை எடுத்துவிட்டாள். கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள்.

"பொட்டப் புள்ளயா இருந்தா இன்னா பேரு வெக்கலாங்க சிஸ்டர்?"

ஜனவரியில் பெண்தான் பிறந்தது. என் கையில்தான் பிறந்தது.

இப்போது கள்ளக்குறிச்சியில் சொந்த வீடு. ரெடிமேட் குடில் ஹாலில், சீரியல் லைட்டோடு. சுரூபம் உள்ளே ஜெப அறையில். வருகிறவர்கள் குடிலோடு செல்ஃபி எடுக்கிறார்கள், கேக் சாப்பிடுகிறார்கள், ரொம்ப அழகு என்கிறார்கள்.

கேள்வி கேட்கத்தான் யாருமில்லை.