செவ்வரளி வந்த நாள்

போன வருஷம் பங்குனி மாதம், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊர் மாரியம்மன் கோவிலில் நடந்தது இது. அப்போது நான் பக்கத்துச் சித்தூரில் முதுகலை புவியியல் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு செமஸ்டர் மட்டும் வெளிநாட்டில் போய்ப் படிக்கும் உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தேன். ஒன்றாவது கிடைக்குமா என்று பார்த்தால், இரண்டு இடத்திலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். ஒன்று ஜெர்மனி, இன்னொன்று நெதர்லாந்து. திங்கட்கிழமைக்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மற்றது கைவிட்டுப் போய்விடும்.

ஜெர்மனியில் நகரமைப்பு பற்றிய படிப்பு. அதே ஊரில் பெரியம்மா மகன் குடும்பத்தோடு இருக்கிறார். அம்மாவுக்கு அது போதும். நெதர்லாந்தில் பாசனம் பற்றிய படிப்பு. அங்கே எங்களுக்கு ஒரு ஈ காக்கையைக்கூடத் தெரியாது.

எனக்கு நெதர்லாந்துதான் வேண்டும். எங்கள் நிலம் கால்வாயின் கடைமடை. தண்ணீர் திறந்துவிட்டால் மேலே இருப்பவர்களின் வயல் நிறையும்; எங்களுக்கு வந்து சேர்வதற்குள் முறை முடிந்து அடைத்துவிடுவார்கள். இருக்கிற தண்ணீரை எப்படிப் பங்கிட்டால் கடைசி வயல்வரை போகும் என்பதுதான் அந்தப் படிப்பே. அதைப் பற்றி வாசித்ததிலிருந்து மனசு அங்கேயே ஒட்டிக்கொண்டது.

ஆனால் வாயைத் திறந்து சொல்லவில்லை. எங்கள் சொந்தத்தில் கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணைத் தனியாக விமானம் ஏற்றியவர்கள் யாருமில்லை. அப்பா சம்மதித்ததே பெரிது. அதற்கு மேல் இதுதான் வேண்டும் என்று கேட்டால் அதிகப்பிரசங்கித்தனம் ஆகிவிடும் என்று நினைத்தேன். அப்பா கேட்கும்போதெல்லாம், "உங்க இஷ்டம்ங்கப்பா" என்று சொல்லி வைத்தேன். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்குவதில் எனக்கு அப்படியொரு ஆசை!

பேசிப் பேசி முடிவு வராமல், கடைசியில் அப்பா, "பூக் கேட்டுப் பாத்தர்லாம்" என்றார். எங்கள் பக்கம் வரன் முடிப்பது, கிணறு வெட்டுவது எல்லாம் அப்படித்தான். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகக் காகிதத்தில் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைப்போம். பூசாரி ஒன்றை எடுத்துத் தருவார். வருகிற பூதான் உத்தரவு. வெள்ளை அரளி வந்தால் நெதர்லாந்து, செவ்வரளி வந்தால் ஜெர்மனி என்று வேண்டிக்கொண்டோம். பல்கலைக்கழகத்துக்குப் பாசனத்தைப் பற்றி இங்கிலீஷில் எழுதிப் பிளந்து கட்டியவள், கண்ணை மூடிக்கொண்டு, 'வெள்ளை, வெள்ளை' என்று முணுமுணுத்தபடி நின்றேன்.

பூசாரி எடுத்துத் தந்த பொட்டலத்தைப் பிரித்தேன். செவ்வரளி.

அம்மா சந்தோஷமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் சிரித்தேன். சிரித்ததாகத்தான் நினைத்தேன்.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங் கண்ணு, உத்தரவுதான் வந்துருச்சே. உன்ற மொகம் எதுக்கு இப்பிடி வாடிப் போச்சு?"

"ஒண்ணுமில்லீங்கப்பா."

"ஒண்ணுமில்லாமயா கண்ணுல தண்ணி நிக்குது? உனக்கு எங்க போகோணும்? வாயத் தொறந்து சொல்லு சாமி."

அவ்வளவுதான். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கடைமடை என்றதும் அப்பா நிமிர்ந்து பார்த்தார். வருஷா வருஷம் தண்ணீர் முறைக்காகச் சண்டை போட்டே தொண்டை கட்டிக்கொள்கிறவர் அவர். "இதச் சொல்றதுக்கு இத்தன நாளா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குப் பயமெல்லாம் அம்மாவை நினைத்துத்தான். அம்மன் உத்தரவை மீற அவர் சம்மதிக்கவே மாட்டார். அதுவும் அவருக்குப் பிடித்த ஜெர்மனியே வந்திருக்கிறது. அம்மாவோ மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பக் கோவிலுக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன். அம்மனுக்கு எதிரே நின்று, பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசுவதுபோல் பேசினார்.

"தாயே, புள்ள மனசு தெரியாம உன்னையக் கேட்டுப்போட்டோம். மாவெளக்கு எடுத்தர்றேன், கோவிச்சுக்காத. அங்க இவளுக்கு ஆருமில்ல. நீதான் கூடப் போய்ட்டு வரோணும்."

பூசாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத்தான் மறுபடியும் அழுகை. அம்மாவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

நெதர்லாந்துக்குச் சம்மதம் சொல்லி அன்றைக்கே பதில் அனுப்பினேன். போய்ப் படித்துவிட்டும் வந்தாயிற்று. இப்போது எங்கள் ஊர் நெல் விவசாயிகளின் சங்கமான பாடசேகர சமிதிக் கூட்டத்துக்கு அப்பா என்னையும் கூட்டிப் போகிறார். "என்ற மக சொல்றதக் கொஞ்சம் கேளுங்க" என்று முன்னால் நிறுத்திவிடுகிறார். எல்லோரும் கேட்டுவிடுவதில்லை. ஆனாலும் வாய்க்காலை அளந்து பார்க்க இரண்டு மூன்று பேர் கூட வரத் தொடங்கியிருக்கிறார்கள்.

அன்று வெள்ளைப் பூ வந்திருந்தால் வாயே திறக்காமல் சந்தோஷமாக விமானம் ஏறியிருப்பேன். செவ்வரளி வந்ததால்தான், எனக்கு வேண்டியதை என் வாயால் கேட்கப் பழகினேன்.