வாசிக்க மட்டும் திறந்த கடிதம்

சண்முகவடிவு அக்காவுக்கு வயது நாற்பத்தாறு. ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே படியேறிப் போனால் வரும் கொமியுனிகேஷன் கடையில் இருபது வருடமாகத் தமிழ் டைப் அடிக்கிறாள். அதே கடையில் போட்டோ கொப்பி மெஷினோடு மல்லுக்கட்டுகிறவள் நான், றொசானா. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு மேசையும் ஒரு கேத்தலும் பன்னிரண்டு வருடப் பேச்சும் இருக்கின்றன. அவளைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன். குறையையும் சேர்த்துத்தான் எழுதுவேன். அதற்கு அவளே சரி சொல்லிவிட்டாள்.

வட்டகொடையில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான ஒரு லயத்தில் பிறந்தவள். அப்பா தேயிலை ஃபெக்டரியில் வேலை பார்த்தார். உயர்தரப் பரீட்சை கைகொடுக்கவில்லை என்றதும் டைப்பிங் வகுப்புக்குப் போனாள். ஆறு மாதத்தில் விசைப்பலகையைப் பார்க்காமலே அடிக்கப் பழகிவிட்டாள். இன்றும் அப்படித்தான். முகம் வாடிக்கையாளரைப் பார்க்கும், வாய் என்னைத் திட்டும், விரல்கள் தம்பாட்டுக்கு ஓடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடை நிரம்பிவிடும். தோட்டத்துச் சனங்கள் தோட்டத்தை நடத்தும் துரைக்கும் கிராம சேவகருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கடிதம் அடிக்க வருவார்கள். அவர்கள் தங்கள் பேச்சில் சொல்வார்கள். இவள் அதை "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கி எழுத்துத் தமிழாக்கிவிடுவாள். வரிசையில் பத்துப் பேர் நின்றாலும் எப்படிச் சமாளித்தாள் என்று கேட்டால், அதற்கு ஒரு வழி இருந்தது. முன்னால் வந்தவருடைய கடிதத்தையே திறப்பாள். பெயரை மாற்றுவாள், லயத்தின் இலக்கத்தை மாற்றுவாள், பிரின்ட் எடுப்பாள், அவசரத்தில் பல தடவை அதன் மேலேயே சேமித்துவிடுவாள். எங்கள் ஊரில் எல்லாக் கடையிலும் நடப்பதுதான். இதில் ஒரு தப்பு இருப்பதாக எனக்கும் தோன்றியதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் முதலாளி அன்டன் அண்ணன் பழைய கொம்பியூட்டரைத் தூக்கிப் போடப் போவதாகச் சொன்னார். அதிலிருந்த நாலாயிரத்துச் சொச்சம் கடிதங்களை அக்கா ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டாள். ஒவ்வொன்றுக்கும் பெயர் என்று வெறும் இலக்கம்தான். எதற்கு இந்தக் குப்பை என்று கேட்டேன். "குப்பையா? இதுல இருக்கிறது எல்லாம் மனுசங்கடி" என்றாள்.

அதே சமயத்தில்தான் போனில் இலவசமாகக் கிடைத்த ஒரு பாடத்தைப் பிடித்துக்கொண்டு புரோகிராம் எழுதப் படிக்கத் தொடங்கினாள். பைதன் என்ற மொழி. "இந்த வயசுல பாம்பு புடிக்கப் போறீங்களாக்கும்" என்று கேலி செய்தேன். அவள் கண்டுகொள்ளவில்லை. ஃபைலைத் திறந்து வாசிக்கும் பாடம் வந்த அன்று மட்டும் தேத்தண்ணி ஆறிப்போகும் வரை பேசிக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரு றொசானா. ஃபைலைத் தொறக்கச் சொல்லும்போதே எதுக்குத் தொறக்கிறோம்னு சொல்லிறணும். வாசிக்கவா, எழுதவான்னு. எழுதன்னு சொல்லித் தொறந்தா, தொறந்த ஒடனே உள்ள இருந்ததெல்லாம் காலி. வாசிக்கன்னு தொறந்தா ஒரு எழுத்துக்கூட அசையாது. அப்புறம் ஒவ்வொரு வரியா வாசிச்சிட்டு மூடிறணும்."

"இதுல என்ன அதிசயம்?"

"இருவது வருசமா நான் ஃபைலைத் தொறந்தது எல்லாம் மாத்தி எழுதத்தான். ஒருத்தரோட கடிதத்தை வாசிக்கணும்னு ஒருநாளும் தொறந்ததில்ல." இதை அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இந்த வருடம் மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை, மீனம்மா அக்கா வந்தார். வட்டவளைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். கணவர் வீரய்யா செத்து மூன்று வருடம். தோட்டத்தில் வீடு கட்டக் காணி கொடுப்பதற்குப் பெயர் எடுக்கிறார்கள் என்றும், வெள்ளிக்கிழமையோடு பட்டியலை மூடிவிடுவார்கள் என்றும் சொன்னார். அவர் இருக்கும் காம்பரா, அதாவது லயத்து அறை, இன்னும் முன்பு அதில் குடியிருந்தவரின் பெயரிலேயே இருக்கிறது; தங்களுடையது என்று காட்டினால்தான் பட்டியலில் பெயர் ஏறும். வீரய்யா அதைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டு எழுதிய கடிதத்தில் அப்போதைய துரை "சரி" என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறார். வீட்டில் இருந்த பிரதி மழையில் கூரை ஒழுகிக் கரைந்துவிட்டது. அசல் தோட்டத்து ஒஃபிஸில் இருக்கிறது, ஆனால் அங்கே கடிதங்களைத் திகதிப்படிதான் கட்டுக் கட்டாக வைத்திருக்கிறார்கள்.

"திகதியைச் சொன்னா எடுத்துத் தாறோம், சும்மா வந்து வருசக்கணக்கா கிண்டச் சொன்னா யாரு கிண்டுறதுன்னு கிளாக்கர் கேக்குறாருங்க. அந்த லெட்டர் இங்கதான் அடிச்சது. எங்க வீட்டுக்காரரும் பக்கத்துக் காம்பரா சின்னராசாவும் ஒரே பஸ்ஸுல வந்து, ரெண்டு பேரும் ஒரே மாதிரி அடிச்சிக்கிட்டுப் போனாங்க." குடையை ஓரமாகச் சாய்த்துவிட்டு, "அந்த லெட்டரால நான் பட்டது போதும். இப்பவாவது ஒரு நல்லது நடக்கட்டும்" என்றார். என்ன பட்டீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. படித்த பாடம் ஒரு ஆளுக்கு உதவப்போகிறதே என்ற சந்தோஷம். மீனம்மாவை வாங்கில் உட்காரவைத்துவிட்டு எழுத ஆரம்பித்தாள். நாலாயிரம் ஃபைலையும் ஒவ்வொன்றாகத் திற, வாசிக்க மட்டும் திற, உள்ளே மீனம்மா என்ற பெயர் இருக்கிறதா பார், இருந்தால் சொல், மூடு. பத்து வரிகூட இல்லை. ஓடவிட்டாள். ஒரு வாய் தேத்தண்ணி குடிப்பதற்குள் முடிந்துவிட்டது. ஒன்றும் கிடைக்கவில்லை. வீரய்யா என்று போட்டாள். அதுவும் இல்லை.

எனக்குப் புரிந்தது. அவர்களுடைய கடிதத்தைத் திறந்து, பெயரை மாற்றி, அதன் மேலேயே அடுத்தவருடையதைச் சேமித்திருப்பாள்.

"அழிஞ்சிருச்சுங்க. நாந்தான் அழிச்சிருப்பேன். மன்னிச்சிருங்க."

மீனம்மா திட்டவில்லை. "பரவால்லங்க, நம்ம தலையெழுத்து" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அக்கா வேலைக்குத் திரும்பவில்லை. அந்தப் புரோகிராமிடம் ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து உள்ளே இருப்பதை அப்படியே காட்டச் சொன்னாள். திரையில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகள், நடுவில் அரைப்புள்ளிகள், தலையும் இல்லை வாலும் இல்லை. "வைரஸ் புடிச்சிருச்சு போல" என்றேன். நான் அவ்வளவுதான் கண்டேன். அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, உதடு அசைய, அதை வாசிக்க ஆரம்பித்தாள்.

"மதிப்பிற்குரிய ஐயா" என்றாள்.

"எங்க இருக்கு?"

"இந்தா. பாமினியிலதானே அந்தக் காலத்துல அடிச்சேன்."

பாமினி என்பது பழைய தமிழ் எழுத்துரு. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். ஃபைலுக்குள்ளே கிடப்பது எந்த விசையைத் தட்டினோமோ அந்த ஆங்கில எழுத்துத்தான். அவள் தேடியது போனில் அடிக்கிற இந்தக் காலத்துத் தமிழில். நாலாயிரம் கடிதத்தில் ஒன்றிலும் அது இருக்க வழியில்லை. இருபது வருடம் அந்த விசைகளைத் தட்டியவளே இதை மறந்துபோனாள் என்பதுதான் எனக்கு எரிச்சல். அவள் கண்ணை மூடிக்கொண்டு, மீனம்மா என்று பாமினியில் அடிப்பதுபோல விரல்களை ஓடவிட்டாள். 'ம'வுக்குக் கே, 'ன'வுக்கு டி. தேடலில் அதைப் போட்டாள். ஒரே ஒரு கடிதம் வந்தது.

"ஓடுடி" என்றாள் என்னிடம். நான் அங்கிருந்து பஸ் நிலையம் வரைக்கும் செருப்பு வழுக்க வழுக்க ஓடினேன். மீனம்மா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தார். ஜன்னலில் தட்டி இறக்கிக் கூட்டிவந்தேன்.

அக்கா சத்தமாக வாசித்தாள். "2013 செப்டெம்பர் 15. அனுப்புனர், கே. சின்னராசா."

"அது சின்னராசாவோடதுங்க" என்றார் மீனம்மா.

"ரெண்டு பேரும் ஒரே நாள்தானே வந்தாங்க? ஒங்க வீட்டுக்காரரோட கடிதத்துமேலயே இதை அடிச்சிருக்கேன். அப்ப திகதி இதுதான்." அவள் குரலில் வெற்றி இருந்தது. அந்த வேகத்திலேயே அடுத்த வரிக்குப் போனாள். "நானும் என் மனைவி மீனம்மாவும் இரு பிள்ளைகளும்..."

நின்றுவிட்டாள்.

சின்னராசாவின் மனைவி பெயர் பூரணி. வீரய்யாவின் கடிதத்தில் எல்லாப் பெயரையும் மாற்றியவள், அந்த ஒரு பெயரை மாற்ற விட்டுவிட்டிருக்கிறாள். அந்த ஒரு பெயரால்தான் இன்று கடிதம் கிடைத்தது.

மீனம்மா வாங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வெகுநேரம் திரையையே பார்த்தார். அவரால் அதில் ஒன்றும் வாசிக்க முடியாது என்றாலும் பார்த்தார்.

"இதைத்தான் கணக்கப்பிள்ளை பெரட்டுல வச்சி வாசிச்சாரு" என்றார். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்தில், மொத்தத் தோட்டத்துக்கும் முன்னால். "ஏண்டா சின்னராசா, ஒனக்கு எத்தனை பொண்டாட்டின்னு கேட்டாரு. எல்லாம் சிரிச்சாங்க. பொய்க் கடிதம்னு சொல்லி அந்த மனுசனுக்குக் காம்பராவும் குடுக்கல. பூரணி என்னைக் கேக்காத கேள்வி இல்ல. கடைசியில அவங்க ரெண்டு பேரும் பொகவந்தலாவைக்குப் போயிட்டாங்க. எங்க வீட்டுக்காரரு அடிக்கல, வையல. ஆனா சாகுற வரைக்கும், குடிச்சா ஒரே கேள்வி. அவன் ஏன் ஒம் பேரை எழுதுனான்? சின்னராசாவுக்கும் வாசிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் என்னன்னு சொல்ல?"

"அவங்க எழுதலங்க" என்றாள் அக்கா. "நாந்தான். அவசரத்துல விட்டுட்டேன்." அழுதாள். கடையில் யாரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை. நான் மெஷினை நிறுத்திவிட்டேன்.

மீனம்மா அவளைச் சமாதானப்படுத்தவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. "அழுதா ஆச்சா?" என்றார். "இப்ப சொன்னீங்களே, அதை எழுத்துல அடிங்க. ரெண்டு பிரதி எடுங்க. ஒன்னைப் பூரணிக்கு அனுப்பணும். இன்னொன்னை நீங்களே வந்து பெரட்டுல வாசிங்க. அன்னைக்கு எல்லாரும் கேட்டாங்கல்ல, இன்னைக்கும் கேக்கட்டும்."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு கொம்பியூட்டர் பக்கம் திரும்பினாள். பழைய கடிதம் எதையும் திறக்கவில்லை. வெறும் பக்கம் ஒன்றைத் திறந்து முதல் வரியிலிருந்து அடித்தாள். அத்தனை மெதுவாக அவள் அடித்து நான் பார்த்ததே கிடையாது.

மறுநாளே மீனம்மா திகதியைச் சொன்னதும் கிளாக்கர் அந்த நாளின் கடிதக் கட்டை எடுத்தார். வீரய்யாவின் கடிதம் அதில் இருந்தது; துரையின் கையெழுத்தும் இருந்தது. மீனம்மாவின் பெயர் காணிப் பட்டியலில் ஏறியது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் நானும் அக்காவும் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் பெரட்டுக் களத்தில் நின்றோம். ஆள் நிறைய இருந்தது. பழைய கணக்கப்பிள்ளை ஓய்வில் போய்விட்டார். புதியவர் தள்ளி நின்று இடம் விட்டார். கூடையைத் தலையில் மாட்டியபடி பெண்கள் நின்றார்கள். அக்கா தன் பெயரைச் சொல்லி, தான் செய்த பிழையைச் சொல்லி, திகதியோடு வாசித்து முடித்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு வயதான பெண் மட்டும் மீனம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

எல்லோரும் கொழுந்து பறிக்க மலைக்குப் பிரிந்து போகும்போது மீனம்மா எங்களிடம் வந்தார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"நல்லா வாசிச்சீங்க. எல்லாரும் கேட்டாங்க" என்றார். கூடைக் கயிற்றை நெற்றியில் சரிசெய்துகொண்டார். "கேக்க வேண்டிய மனுசன்தான் இல்லாமப் போயிட்டாரு."